மன்னாரின் காற்றும் மக்களின் பங்கும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மன்னார்த் தீவில் காற்றாலை மின்திட்டங்கள் தொடர்பாக அண்மைக் காலத்தில் எழுந்துள்ள பிணக்கு, பத்திரிகைச் செய்திகளில் பெரும்பாலும் இரண்டு வகையாகவே எடுத்துரைக்கப்படுகின்றது. நாட்டின் அபிவிருத்திக்குத் தடையாக நிற்கும் மக்களின் அறியாமை என்பது ஒரு சாராரின் கருத்து. பறவைகளையும் பனைகளையும் அழிக்க வந்த அந்நிய மூலதனம் என்பது மற்றொரு சாராரின் கருத்து. இவ்விரு கூற்றுகளும் பிணக்கின் ஒவ்வொரு பகுதியைத் தொட்டுச் செல்கின்றனவேயன்றி, அதன் வேரைக் காட்டுவன அல்ல. நிகழ்கால நெருக்கடி ஒன்றை விளங்கிக் கொள்வதற்கு, அது தோன்றிய பிரதேசத்தின் வரலாற்றினூடாகவே நாம் அதனை அணுகுதல் வேண்டும். மன்னாரைப் பொறுத்தவரையில் அவ்வணுகுமுறை மிகவும் இன்றியமையாதது. ஏனெனில், இத்தீவின் வளங்களைப் பிறர் கணக்கிட்டு, பிறர் விலைகூறி, பிறர் கொண்டுசென்ற வரலாறு காற்றாலைகளுடன் தொடங்கியதன்று.

இக்கட்டுரையில் நாம் மூன்று வினாக்களுக்கு விடை காண முயல்கின்றோம். மன்னாரின் பொருளியல் வாழ்வில் காற்றும் கடலும் பெற்றிருந்த இடம் யாது? காற்றாலைத் திட்டங்கள் எவ்வகைச் சூழலில், எம்முறையில் இங்கு வந்து சேர்ந்தன? மக்கள் எழுப்பும் ஆட்சேபங்களுள் எவை ஆதாரமுடையன, எவை மேலும் ஆராயப்படவேண்டியன? 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் வரையிலான நிகழ்ச்சிகளே ஈண்டு நோக்கப்படுகின்றன.

காற்றும் இலங்கையின் பழைய தொழில்நுட்பமும்

காற்றின் ஆற்றலைத் தொழிலுக்குப் பயன்படுத்தும் அறிவு மேனாட்டாரிடமிருந்து அண்மையில் பெறப்பட்ட ஒன்று என்னும் எண்ணம் எம்மிடையே பரவலாக உண்டு. அவ்வெண்ணத்தைத் திருத்துவதற்கு ஒரு தொல்லியற் சான்று போதுமானது. இலங்கையின் தெற்கே சமனலவெவப் பிரதேசத்தில், நீர்த்தேக்கம் அமைக்கப்படுவதற்கு முன்னர் நடைபெற்ற ஆய்வின்போது, மலைச்சரிவுகளின் மேற்கு நோக்கிய முகங்களில் வரிசையாக அமைந்த இரும்புருக்கும் உலைகள் கண்டறியப்பட்டன. கில் யூலெவ் என்னும் தொல்லியலாளர் 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, அவை துருத்தியின்றித் தென்மேற்குப் பருவக்காற்றின் விசையினாலேயே எரிக்கப்பட்டவை, ஏறக்குறைய கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்துக்குரியவை. காற்றைப் பயன்படுத்திய அந்தத் தொழிற்களத்தின் ஒரு பகுதி பின்னர் நீர்மின் திட்டமொன்றின் நீருக்குள் மூழ்கியது. ஒரு காலத்தின் ஆற்றல் தேவை இன்னொரு காலத்தின் ஆற்றற் களத்தை மூடிவிட்டமை எமது சிந்தனைக்குரியது.

மன்னாரின் எதிர்க்கரையிலுள்ள மாதோட்டத்தின் எழுச்சியும் காற்றோடு பிணைந்ததே. திருக்கேதீச்சரத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய காலத்தில், மாதோட்டம் இந்துமாகடல் வாணிகத்தில் முதன்மை பெற்ற துறைமுகமாக விளங்கியது. 1980 முதல் 1984 வரை மாந்தையில் நடைபெற்ற அகழ்வாய்வுகளில் வெளிப்பட்ட சீன மட்கலங்களும் மேற்காசியப் பளிங்குப்பூச்சு மட்கலங்களும் இதனை உறுதிப்படுத்தின. மேற்கிலிருந்து வந்த கலங்கள் ஒரு பருவக்காற்றில் வந்தன. மறுபருவக் காற்று மாறும் வரை காத்திருந்தன. துறைமுகத்தின் நாட்காட்டியைக் காற்றே எழுதியது எனலாம்.

கரையோர மக்களின் மொழியிலும் இவ்வறிவு படிந்து கிடக்கின்றது. வாடை, சோளகம், கச்சான், கொண்டல் எனத் திசைதோறும் காற்றுக்கு ஒரு பெயர் உண்டு. எக்காற்றில் எவ்வலை இழுக்கலாம், எப்போது மறுகரைக்கு வாடி பெயரலாம் என்பன தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த அறிவு. காற்று வீசும் திசைக்கேற்பத் தீவின் தென்கரைக்கும் வடகரைக்கும் மாறிமாறித் தொழில் செய்யும் மீனவனுக்குக் காற்று என்பது வெறும் இயற்கை நிகழ்ச்சியன்று. அது அவனது உற்பத்திச் சாதனங்களுள் ஒன்று. இக்கருத்தை மனங்கொண்டே பின்வரும் பகுதிகளை வாசித்தல் வேண்டும்.

முத்துக்குளிப்பு: பங்கும் குத்தகையும்

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு, ஒரு பிரதேச வளத்தின்மீது அரசும் வணிகமும் கொண்ட உறவை விளக்குவதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து தென்மேற்குப் பருவக்காற்று எழுவதற்கு இடைப்பட்ட சில வாரங்களிலேயே முத்துக்குளிப்பு நடைபெற்றது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இவ்வளத்தை அரசின் தனியுரிமையாகவே கருதினர். இலங்கையின் முதல் ஆங்கிலேயத் தேசாதிபதியான பிரெடெரிக் நோத் அரிப்பில் கடலை நோக்கி ஒரு மாளிகை எழுப்பியமை, அவ்வருவாய்க்கு ஆட்சியாளர் கொடுத்த முக்கியத்துவத்தின் சின்னமாகும்.

எனினும் ஒரு செய்தி எமது கவனத்துக்குரியது. ஆங்கிலேயராட்சியின் பிற்பகுதியில் நடைபெற்ற குளிப்புகளில், கரைக்குக் கொண்டுவரப்பட்ட சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கு குளியாட்களுக்கு உரியதாயிருந்தது. எஞ்சிய இரு பங்கையே அரசு ஏலத்தில் விற்றது. குளியாட்கள் யாவரும் மன்னாரைச் சேர்ந்தவர்கள் அல்லர். எதிர்க்கரையின் பரவரும் முஸ்லிம்களும் அராபியரும் அவர்களுட் பெரும்பான்மையினராயிருந்தனர். ஆயினும், வளத்தை எடுப்பதில் உடலால் ஈடுபட்டவனுக்கு அவ்வளத்திலேயே ஒரு பங்கு உண்டு என்னும் வழக்கத்தைக் குடியேற்ற ஆட்சியும் மறுக்க முடியவில்லை.

இவ்வமைப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாற்றமடைந்தது. 1902ஆம் ஆண்டில் ஹேர்ட்மன் என்னும் விலங்கியற் பேராசிரியர் அழைக்கப்பட்டு, முத்துப்பார்கள் விஞ்ஞான முறையில் ஆராயப்பட்டன. அடுத்துவந்த ஆண்டுகளில் விளைவு பெருகிற்று. அப்பெருக்கத்தைக் கண்ட அரசு, 1906இல் முத்துப்பார்களை ஆண்டுக்கு 310,000 ரூபா வீதம் 20 ஆண்டுகளுக்கு இலண்டனைச் சார்ந்த கம்பனி ஒன்றுக்குக் குத்தகைக்கு விட்டது. குத்தகையின் தொடக்கத்திலேயே பார்கள் வெறுமையாகத் தொடங்கின. 1907க்குப் பின் குளிப்பு நடைபெறவில்லை. குத்தகைக் காலம் முடிவதற்கு நெடுநாள் முன்னரே கம்பனி கலைக்கப்பட்டது. 1925இல் நடைபெற்ற குளிப்புடன் ஆங்கிலேயர் காலத்து முத்துக்குளிப்பு முடிவுற்றது.

இவ்வரலாற்றிலிருந்து மூன்று கூறுகளை நாம் பிரித்தெடுக்கலாம். முதலாவது, வளத்தின் அளவை விஞ்ஞானம் கணித்தது. இரண்டாவது, அக்கணிப்பை ஆதாரமாகக் கொண்டு நீண்டகால ஒப்பந்தம் எழுதப்பட்டது. மூன்றாவது, ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட இரு தரப்பினரும் மன்னாரைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் இதே மூன்று கூறுகள் இதே வரிசையில் மீண்டும் தோன்றுவதைக் காண்போம். முத்துச்சிப்பி எடுக்க எடுக்கக் குறைவது. காற்று அவ்வாறு குறைவதன்று. இவ்வேறுபாட்டை நாம் மறக்கவில்லை. ஆயின் காற்றைப் பிடிப்பதற்குத் தேவைப்படும் நிலமும் கரையும் குறைவனவே.

பாதையாகவே கருதப்பட்ட நிலம்

முத்துக்குளிப்பு தளர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே மன்னார் இன்னொரு பணிக்குப் பயன்படுத்தப்பட்டது. பெருந்தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரையிலான காட்டுவழியே நடந்து சென்றனர். வழியில் நோயினாலும் பசியினாலும் இறந்தோர் பலர். 1914இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் தனுஷ்கோடிக்கான கப்பற் சேவையும் இணைக்கப்பட்டபோது, மன்னார் இரு நாடுகளின் வாயிலாயிற்று. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1980களில் போர்ச்சூழல் கப்பற் சேவையை நிறுத்தியது. 1990இல் தடைப்பட்ட தலைமன்னார்ப் புகையிரதம் 2015இலேயே மீண்டும் ஓடலாயிற்று.

1990ஆம் ஆண்டு மன்னாரின் சமூக வரலாற்றில் ஆறாத வடுவை விட்டுச்சென்றது. அவ்வாண்டு ஒக்டோபர் மாதம் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி முதலிய தீவுக் கிராமங்களின் முஸ்லிம் மக்கள் ஒருசில நாட்களில் தம் வீடுவாசல்களை இழந்து புத்தளக் கரைகளில் அகதிகளாயினர். தமிழ் மக்களும் பலமுறை இடம்பெயர்ந்தனர். மீண்டு வந்தோரிற் பலரிடம் காணி உறுதிகள் இருக்கவில்லை; எல்லைக் கற்கள் இருக்கவில்லை; சில காணிகளில் வேறு குடியிருப்பாளர் இருந்தனர். இவ்வாறு உரிமை தெளிவற்றுக் கிடந்த நிலத்தின்மீதே காற்றாலைத் திட்டங்களின் வரைபடங்கள் விரிக்கப்பட்டன. காணி பற்றிய அச்சம் மன்னார் மக்களிடையே ஏன் இத்துணை ஆழமாயுள்ளது என்பதை இப்பின்னணி இல்லாமல் விளங்கிக்கொள்ள இயலாது.

காற்றாலைகளின் வருகை

இலங்கையில் மின்பிறப்பாக்கத்துக்கெனக் காற்றைப் பயன்படுத்தும் முதன் முயற்சி, 1999இல் அம்பாந்தோட்டையில் 3 மெகாவாற் வலுவுடன் இலங்கை மின்சார சபையினால் பரிசோதனையாக மேற்கொள்ளப்பட்டது. 2003இல் அமெரிக்கத் தேசிய மீள்புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வுகூடம் வெளியிட்ட காற்றுவள வரைபட ஏடு, இலங்கையில் ஏறக்குறைய 5,000 சதுர கிலோமீற்றர் பரப்பில் நல்ல காற்றுவளம் உண்டெனவும், அதனைக் கொண்டு 20,000 மெகாவாற் வரை நிறுவலாமெனவும் மதிப்பிட்டது. மன்னார்த் தீவு அவ்வேட்டில் சிறப்பிடம் பெற்றது. 2007இல் நிலைபெறுதகு ஆற்றல் அதிகாரசபை சட்டமூலம் நிறுவப்பட்டது. 2010 முதல் கற்பிட்டி, புத்தளம் பகுதிகளிலும், 2014ஆம் ஆண்டளவில் பளைப் பகுதியிலும் தனியார் காற்றாலைகள் எழுந்தன.

மன்னார்த் தீவின் தென்கரையில் மின்சார சபை அமைத்த காற்றாலைத் தொகுதி 2020 டிசெம்பர் மாதம் திறந்துவைக்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் 200 மில்லியன் டொலர் கடனுதவியுடன் அது உருவாயிற்று. ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற் வலுவுடைய 30 கோபுரங்கள், மொத்தம் 103.5 மெகாவாற். ஒவ்வொரு கோபுரத்தின் சுழலியும் 126 மீற்றர் விட்டமுடையது. இலங்கையின் பழம்பெயரான தம்பபண்ணியை நினைவூட்டும்வகையில் 'தம்பபவனி' என்னும் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. இது அரசுடைமையான திட்டம் என்பதும், அக்காலத்தில் பெருந்திரளான எதிர்ப்பைச் சந்திக்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கன. எதிர்ப்பு பின்னரே முதிர்ந்தது. கோபுரங்களோடு சில ஆண்டுகள் வாழ்ந்து பார்த்த அனுபவத்தின் பின் அது முதிர்ந்தது.

2022ஆம் ஆண்டில் நாடு அன்னியச் செலாவணி வற்றிப் பெரும் பொருளாதார நெருக்கடியில் ஆழ்ந்தது. நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடைமுறைக்கு வந்தது. அந்நெருக்கடியின் மத்தியில், அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், இந்தியாவின் அதானி குழுமத்துடன் மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலைகள் அமைப்பதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. போட்டி விலைக்கோரல் இன்றி இது வழங்கப்பட்டமை கண்டனத்துக்குள்ளாயிற்று. இந்தியப் பிரதமரின் வற்புறுத்தல் காரணமாகவே இத்திட்டம் வழங்கப்பட்டது என்னும் பொருள்பட, மின்சார சபையின் அன்றைய தலைவர் பாராளுமன்றக் குழு ஒன்றின் முன் 2022 யூன் மாதத்தில் கூறியதும், பின்னர் அக்கூற்றை மீளப்பெற்றுப் பதவி விலகியதும் பகிரங்க வரலாறாகும்.

2023 பெப்ரவரியில் 442 மில்லியன் டொலர் முதலீட்டில், மன்னாரில் 250 மெகாவாற், பூநகரியில் 234 மெகாவாற் என மொத்தம் 484 மெகாவாற் திட்டத்துக்கு அனுமதி வழங்கப்பட்டது. 2024 மே மாதத்தில், ஓர் அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம் வீதம் 20 ஆண்டுகளுக்கு மின்சாரம் கொள்வனவு செய்ய அமைச்சரவை இணங்கியது. இதே மன்னாரில் 50 மெகாவாற் திட்டமொன்றுக்குப் போட்டி விலைக்கோரல் மூலம் 4.65 சதம் என்னும் விலை கிடைத்தமையைப் பக்கத்தில் வைத்து நோக்கும்போது, போட்டி தவிர்க்கப்பட்டதன் விலையை வாசகர் உணர்வர். சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்தை நாடின. ஆட்சி மாற்றத்தின் பின், 2025 சனவரியில் முன்னைய விலைத் தீர்மானம் மீளப்பெறப்பட்டது. பெப்ரவரியில் நிறுவனம் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது.

1906இன் 20 ஆண்டுக் குத்தகையும் 2024இன் 20 ஆண்டு ஒப்பந்தமும் ஒரே அளவான காலத்தைக் கொண்டிருப்பது தற்செயலே. ஆனால் காற்று ஏட்டில் அளக்கப்பட்டதும், அளவுக்கேற்ப ஒப்பந்தம் எழுதப்பட்டதும், ஒப்பந்தத்தில் மன்னார் மக்கள் ஒரு தரப்பாக இடம்பெறாதிருந்ததும் தற்செயலல்ல.

மக்களின் ஆட்சேபங்கள்: ஓர் ஆய்வு

அதானி குழுமம் விலகியதுடன் பிணக்கு முடிவுறவில்லை என்பதே, அது ஒரு நிறுவனத்துக்கு எதிரான உணர்ச்சி மட்டுமன்று என்பதற்குச் சான்று. எனவே ஆட்சேபங்களைத் தனித்தனியே எடுத்து நோக்குதல் முறையாகும்.

முதலாவது, வெள்ளம். மன்னார்த் தீவு கடல்மட்டத்திலிருந்து சில மீற்றரே உயர்ந்த மணற்றீவு. மழைநீர் இங்கு ஆறாக ஓடுவதில்லை. தாழ்ந்த நிலங்கள் வழியே மெல்லப் பரவிக் கடலைச் சேர்கின்றது. கோபுரங்களுக்கு இட்டுச்செல்லும் பாதைகள் பாரமான ஊர்திகளைத் தாங்கும்பொருட்டு உயர்த்தி அமைக்கப்பட்டன. உயர்ந்த பாதை, மதகுகள் போதாதவிடத்து, அணையாகவே தொழிற்படும். காற்றாலைகள் வந்தபின் மாரிகாலத்தில் வீடுகளைச் சூழ்ந்த நீர் வடிய நாட்கள் பல எடுக்கின்றன என மக்கள் கூறுவது, நிலத்தின் இயல்பறிந்தோர்க்கு வியப்பளிப்பதன்று. மழைவீழ்ச்சி மிகுதி, கட்டுப்பாடற்ற கட்டடங்கள் ஆகியனவும் இதற்குக் காரணமாயிருக்கலாம். எக்காரணம் எவ்வளவு பங்களித்தது என்பதை நீரியல் ஆய்வொன்றே தீர்க்கமுடியும். அவ்வாய்வைக் கோருவது நியாயமே.

இரண்டாவது, நன்னீர். மணற்றீவுகளில் மழைநீர், கீழுள்ள உவர்நீரின்மீது ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி உயர்ந்து நிற்குமாயின், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர் கொள்ளும் பொதுவிதி. மேலே ஓர் அடி குறையின் கீழே 40 அடி குறையும். தீவின் கிணறுகள் யாவும் இவ்வில்லையையே நம்பியுள்ளன. ஆதலின் அத்திவாரங்களை எவ்விடத்தில், எவ்வளவு ஆழத்துக்கு இடுவது என்பதை வில்லையின் அமைப்பறிந்தே தீர்மானித்தல் வேண்டும். இல்மனைற்று மணல் அகழ்வுக்கென அவுஸ்திரேலியக் கம்பனி ஒன்று இத்தீவில் ஆய்வுகள் நடத்தியமையினால், மக்கள் காற்றாலையையும் மணல் அகழ்வையும் ஒரே அச்சத்தின் இரு முகங்களாகக் காண்கின்றனர். தொழில்நுட்ப நோக்கில் இவை வெவ்வேறானவை. மணல் அகழ்வினால் விளையத்தக்க கேடு பன்மடங்கு பெரிது. ஆனால் 'எமது நிலம் எம்மைக் கேளாமலே பங்கிடப்படுகின்றது' என்னும் அனுபவத்தில் இரண்டும் ஒன்றே.

மூன்றாவது, கடற்றொழில். கோபுரங்களின் ஒலியினாலும் அதிர்வினாலும் கரையை அண்டி வரும் மீன்கள் விலகிவிட்டன எனக் கரைவலைத் தொழிலாளர் முறையிடுகின்றனர். இந்திய இழுவைப் படகுகளின் அத்துமீறல் பல்லாண்டுகளாக இக்கடலை வறுமைப்படுத்தி வந்துள்ளது. ஆகவே மீன்பிடி வீழ்ச்சியின் காரணங்களைப் பிரித்தறிவது எளிதன்று. இங்கு நாம் சுட்டவேண்டியது, கோபுரங்கள் எழுவதற்கு முன்னிருந்த பிடியளவும் பின்னுள்ள பிடியளவும் ஒப்பிட்டுப் பார்க்கும்வகையில் மக்கள் நம்பத்தக்க கண்காணிப்பு இருத்தல் வேண்டும் என்பதே. பதிவில்லாத இழப்புக்கு நட்டஈடு கிடைப்பதில்லை.

நான்காவது, பறவைகள். மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வலசைவரும் பறவைகளின் வான்வழியில், தரை முடிவுறும் இடங்களுள் ஒன்று மன்னார். அருகிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010இல் றாம்சார் உடன்படிக்கையின் கீழ் சருவதேச முக்கியத்துவமுடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. பூநாரைகளும் வாத்தினங்களும் கூட்டமாகப் பறந்து இறங்கும் இத்தகைய குறுகிய தீவில் ஒரு வரிசைக் கோபுரங்களும் பல வரிசைக் கோபுரங்களும் ஒரே விளைவைத் தரமாட்டா. பறவையியலாளர் எழுப்பிய ஆட்சேபத்தின் சாரம் இதுவே.

ஐந்தாவதாக, காற்றாலைகள் மழை முகில்களைக் கலைத்துவிடுகின்றன என்னும் கருத்தையும் குறிப்பிடுதல் வேண்டும். இந்தியாவின் மகாராட்டிர வறட்சிப் பகுதிகளிலும் இதே கருத்து முன்னர் எழுந்ததுண்டு. மழை முகில்கள் சுழலிகளின் எட்டத்துக்கு மிக மேலே உருவாகின்றன. இக்கருத்துக்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை. இதனை நாம் ஒளிக்காமற் கூறுதல் கடமை. ஒரு தவறான கருத்தைக் காட்டி நான்கு நியாயமான கருத்துக்களைத் தள்ளிவிடும் அதிகாரிகளுக்கு இடமளிக்காதிருக்கவும் இது உதவும்.

சட்டத்தின் இடைவெளி

1988இல் திருத்தப்பட்ட தேசிய சுற்றாடற் சட்டம், குறித்த அளவுக்கு மேற்பட்ட திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அதன்கீழ் 1993இல் வெளியான கட்டளை, 50 மெகாவாற்றுக்கு மேற்பட்ட மீள்புதுப்பிக்கத்தக்க மின்நிலையங்களை அப்பட்டியலில் அடக்கியது. கரையோர வலயத்துக்கும் காப்பு நிலங்களுக்கும் வேறு விதிகள் உளவெனினும், இவ்வெல்லைக் கோட்டின் விளைவு தெளிவானது. 20 மெகாவாற் திட்டமும் 50 மெகாவாற் திட்டமும் தனித்தனியே நோக்கப்படும்போது எல்லைக்கோட்டைத் தாண்டுவதில்லை. ஆனால் மன்னார்த் தீவுக்கு ஒவ்வொரு திட்டமும் தனித்தனித் தீவில் அமைவதன்று. வெள்ளத்துக்கும் நன்னீர் வில்லைக்கும் பறவைக்கும் எல்லாக் கோபுரங்களும் ஒரே கூட்டுத்தொகை. இக்கூட்டுத்தொகையை மதிப்பிடும் கடமையைச் சட்டம் எவர்மீதும் தெளிவாகச் சுமத்தவில்லை. மன்னாரின் பிணக்கில் சட்ட அறிஞர் முதலிற் கவனிக்கவேண்டிய இடம் இதுவென நாம் கருதுகின்றோம்.

2025: எதிர்ப்பின் வளர்ச்சி

2025 ஓகஸ்டில் புதிய கோபுரங்களுக்கான பாரிய உதிரிப்பாகங்கள் தீவுக்குள் கொண்டுவரப்பட்டபோது மக்கள் வீதியில் இறங்கினர். கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் இந்துக்களும், மீனவரும் வணிகரும், இளைஞரும் குருமாரும் ஒன்றாக அமர்ந்த அப்போராட்டம், 1990இன் வடுவைச் சுமந்த ஒரு தீவில் நிகழ்ந்தது என்பதை வரலாற்று மாணவர் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். ஓகஸ்டு 13ஆம் திகதி சனாதிபதியுடன் நடைபெற்ற சந்திப்பின் பயனாக வேலைகள் ஒரு மாதத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டன. அக்காலம் முடிந்தபின் செப்டெம்பர் 26ஆம் திகதி இரவு, பொலிசுப் பாதுகாப்புடன் உதிரிப்பாகங்கள் கொண்டுசெல்லப்பட்டபோது போராட்டக்காரர் தாக்கப்பட்டனர், பலர் காயமுற்றனர். 29ஆம் திகதி மன்னாரில் முழுக் கடையடைப்பு நடைபெற்றது.

ஒப்பந்தக் கடப்பாடுகள் மீறமுடியாதவை என அரசு கூறியது. அக்கூற்றில் உண்மை உண்டு. ஒப்பந்தங்களை முறிப்பதன் செலவை இறுதியில் மக்களே ஏற்பர். ஆயின், ஒப்பந்தம் கைச்சாத்தான பின்னரே மக்களின் சம்மதம் தேடப்படுமாயின், அச்சம்மதத்துக்கு மறுப்புரிமை இல்லை என்பதே பொருள்.

பிறநாட்டு அனுபவங்கள்

இவ்வகைப் பிணக்கு மன்னாருக்கு மட்டும் உரியதன்று. டென்மார்க்கில் 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் காற்றாலைகள் பெருகியபோது, அவற்றிற் பல அயல்வாசிகள் பங்கு சேர்த்து நிறுவிய கூட்டுறவுகளாயிருந்தன. 2000இல் கோப்பன்ஹேகன் கரைக்கப்பால் எழுந்த 20 கோபுரங்களைக் கொண்ட மிடில்குருண்டன் தொகுதியிற் பாதி, 8,000க்கு மேற்பட்ட உறுப்பினரைக் கொண்ட கூட்டுறவொன்றின் உடைமையாயிற்று. பெரிய நிறுவனங்கள் இத்துறையைக் கைப்பற்றத் தொடங்கியபோது எதிர்ப்பும் தோன்றியது. அதனால் 2009இல் நடைமுறைக்கு வந்த சட்டம், புதிய காற்றாலையின் பங்குகளில் 20 வீதத்தையேனும் அயல்வாசிகளுக்கு விற்பனைக்கு வைக்கும்படி பணித்தது. அவ்விதி 2020இல் வேறோர் ஏற்பாட்டுக்கு இடமளித்து நீங்கியது. ஆயினும், அருகில் வாழ்பவனுக்கு உடைமையில் இடமுண்டு என்பதை ஒரு நாட்டின் சட்டம் ஏற்றது என்பது வரலாறு.

நோர்வேயின் போசன் தீபகற்பத்தில் நிகழ்ந்தது வேறுவகைப் பாடம். அங்கு 151 கோபுரங்கள் எழுந்தபின், 2021 ஒக்டோபரில் நாட்டின் உச்ச நீதிமன்றம், அவற்றுக்கான அனுமதிகள் கலைமான் மேய்க்கும் சாமி மக்களின் பண்பாட்டு உரிமையை மீறியவை எனவும், அதனாற் செல்லுபடியற்றவை எனவும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கோபுரங்களோ நின்றன. தீர்ப்பு நடைமுறைக்கு வராததை எதிர்த்து 2023இல் இளைஞர் ஒஸ்லோவில் அமைச்சுக்களின் வாயில்களை மறித்தனர். இணக்கப்பாடுகள் அதன் பின்னரே எட்டப்பட்டன. பசுமை ஆற்றல் என்பதனாலேயே ஒரு திட்டம் உரிமைமீறலிலிருந்து விடுபட்டுவிடாது என்பதையும், கட்டிமுடித்தபின் வரும் நீதி அரைநீதியே என்பதையும் போசன் எமக்குக் கற்பிக்கின்றது.

முடிவுரை

இலங்கைக்குக் காற்று மின்சாரம் தேவையில்லை என்பது எமது கருத்தன்று. நுரைச்சோலையில் இறக்குமதி நிலக்கரியை எரிக்கும் 900 மெகாவாற் நிலையத்தின் புகையையும், 2022இன் இருளையும் அறிந்த எவரும் அவ்வாறு கூறமாட்டார். கடல்மட்டம் உயருமாயின் முதலிற் கேடுறும் நிலங்களுள் மன்னார்த் தீவும் ஒன்று. ஆதலின் நிலக்கரியின் முடிவு மன்னார் மக்களின் நலனுக்கும் உரியதே. முற்போக்குச் சிந்தனையாளர் இவ்விடத்தில் தடுமாறுதல் இயல்பு: ஒருபுறம் காலநிலையின் கட்டாயம், மறுபுறம் ஒரு சிறிய மக்கட் கூட்டத்தின் உரிமை. ஆனால் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையாக நிற்பது, திட்டங்கள் வகுக்கப்பட்ட முறையினாலேயே.

நாம் முன்வைப்பன சில. தீவு முழுவதையும் ஓர் அலகாகக் கொண்ட கூட்டுத் தாக்க மதிப்பீடு முதலில் நடத்தப்பட்டு, தீவு எத்தனை கோபுரங்களைத் தாங்கும் என்னும் எல்லை தீர்மானிக்கப்படல் வேண்டும். எல்லையைக் கடந்தவை பெருநிலத்தின் குடியிருப்பற்ற பகுதிகளில் ஆராயப்படலாம். மதிப்பீட்டு அறிக்கைகள் விளங்கும் தமிழில், கிராம மட்டத்தில், கையொப்பத்துக்கு முன் விவாதிக்கப்படல் வேண்டும். இடம்பெயர்ந்தோரின் காணிப் பிணக்குகள் தீரும்வரை அக்காணிகள் திட்டங்களுக்கு எடுக்கப்படலாகாது. நிறைவாக, விற்கப்படும் ஒவ்வோர் அலகு மின்சாரத்திலும் ஒரு பங்கு, நன்கொடையாகவன்றிச் சட்டவழி உரிமையாக, அக்கரை மக்களின் கூட்டுறவுகளைச் சேர்தல் வேண்டும்.

இறுதிக் கோரிக்கை புதுமையானதன்று. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் அரிப்புக் கடற்கரையில், மூச்சடக்கி மூழ்கி எழுந்த குளியாள் தன் முன் குவிந்த சிப்பிகளை மூன்றாகப் பகுத்து, ஒன்றைத் தனதென்று எடுத்துச் சென்றான். அந்நிய ஆட்சி அதனை ஒப்புக்கொண்டது. காற்றின் விடயத்தில் அவ்வளவையேனும் சுதேச அரசு ஒப்புக்கொள்ளுமா என்பதே மன்னார் எம்முன் வைத்துள்ள வினா.